மணல் இல்லாமைக்குக் காரணம் கூறுக

1

இந்த ஆவணியோடு நான் கடல் தாண்டி வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. கடல் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, தனுஷ்கோடியில் கப்பலேறி, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டு, ஒரு கோழித்தூக்கம் போட்டு எழுந்தால் தலைமன்னார் இறங்குதுறை வந்துவிடும். அதற்கு முன்னால் தொற்றுநோய் உண்டா என்று சோதிக்கும் மண்டபம் முகாமைக் கடப்பதுதான் பெரும்பாடு. அங்கே நாக்கை நீட்டச் சொல்வார்கள், தகப்பன் பெயரை மூன்று மேசைகளில் மூன்று முறை கேட்பார்கள், மூட்டையை அவிழ்த்துத் துணிகளை ஆவியில் அவிப்பார்கள். என் கல்யாண வேட்டி அங்கே வெந்து ஒரு முழம் சுருங்கிப் போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பதினைந்து வருஷம் என்பது எனக்கு நினைவிருந்த விஷயமே அல்ல. ஊரிலிருந்து அண்ணா எழுதிய கடிதம்தான் நினைவூட்டியது. 'பெரிய குமாஸ்தா ஓய்வு பெற்றுவிட்டார். படம் வரையும் இடம் காலியாக இருக்கிறது. பழசையெல்லாம் எல்லாரும் மறந்துவிட்டார்கள். அந்த மணல்காட்டில் இன்னும் எத்தனை காலம் கிடப்பாய்? வந்துவிடு' என்று எழுதியிருந்தார். கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு மேசை லாச்சியில் போட்டேன். லாச்சி என்றால் உங்களுக்கு விளங்காது. நீங்கள் இழுப்பறை என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். நாற்காலி கதிரையாகி, ஆபீஸ் கந்தோராகி எனக்கு வெகுகாலம் ஆகிவிட்டது. போன முறை ஊருக்கு வந்தபோது, என் மகள் இலட்சுமி எதைக் கேட்டாலும், ஆமாம் என்பதற்கு இங்கே சொல்கிறபடி, 'ஓம்' என்று பதில் சொல்ல, மதினி கையெடுத்துக் கும்பிட்டு, 'குழந்தை சதா பிரணவத்திலேயே இருக்காளே' என்று கேலி செய்தது எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிறது.

கடிதம் மூன்று வாரமாக லாச்சியில் கிடந்தது. அண்ணா இந்தப் பத்திரிகையை வரி விடாமல் வாசிக்கிறவர். ஆகவே இந்தக் குறிப்புகளையே பதிலாக வைத்துக்கொள்ளட்டும்.

2

நான் ஊரைவிட்டு ஏன் வந்தேன் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

எனக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு உண்டு. ஒரு படத்தையோ கணக்கையோ என் முன்னால் விரித்தால், அதில் சரியாக இருக்கிற தொண்ணூற்றொன்பது விஷயங்கள் என் கண்ணில் படாது. பிழையாக இருக்கிற ஒன்று மட்டும் முன்னால் வந்து நிற்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் தேடுவதும் இல்லை, அதுவாகவே தெரிகிறது. மற்றவர்கள் ஒரு வாரம் செய்யும் வேலை எனக்கு ஒன்றரை நாளில் முடியும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இதனால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஆற்றங்கரை ஆபீஸில் படம் வரைபவனாக இருந்தபோது, பெரிய குமாஸ்தா ஒரு வாய்க்காலுக்கு மட்டப்படம் தயாரித்து, அதிகாரி முன்னால் பெருமையாக விரித்தார். நான் மைக்கூட்டோடு பக்கத்தில் நின்றேன். வாய் சும்மா இருந்ததா? 'இந்த இடத்தில் தண்ணீர் மேடேற வேண்டியிருக்கும்' என்று சொல்லிவிட்டேன். அதிகாரி குனிந்து பார்த்தார், சிரித்துவிட்டார். பெரிய குமாஸ்தாவின் முகம் எப்படிப் போயிற்று என்பதை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். மறுநாளிலிருந்து எனக்கு 'அதிகப்பிரசங்கி' என்று பெயர். படம் வரைவது போய், பழைய கடிதங்களைப் பிரதியெடுக்கும் வேலை வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னோடு உட்கார ஆள் இல்லை. ஆறு மாதம் தாங்கினேன். அப்புறம் மன்னார் ரயில்பாதைக் கந்தோரில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினேன்.

இங்கே வந்ததும் ஒரு சங்கற்பம் செய்துகொண்டேன். எந்தப் பிழை தெரிந்தாலும் வாயைத் திறக்குமுன் மனசுக்குள் நூறு வரை எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கேயாவது போயிருக்கும், நானும் பிழைத்துக்கொள்வேன். காலை பத்து மணிக்கெல்லாம் அன்றைய வேலை முடிந்துவிடும். மிச்ச நேரம் முழுக்க வேலை செய்கிறவனைப்போல் இருப்பதுதான் என் உண்மையான உத்தியோகம். பென்சில் சீவுவதில் இந்தத் தீவில் என்னை மிஞ்ச ஆளில்லை.

இலட்சுமிக்கு இப்போது பத்து வயது. போன வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து குறை வந்தது. வாத்தியார் கேள்வியை முடிக்குமுன் இவள் பதிலைச் சொல்லிவிடுகிறாளாம், மற்றப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம்.  அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, 'கை தூக்குமுன் மனசுக்குள் பத்து எண்ணு, கண்ணம்மா' என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, 'ஓம் அப்பா' என்றாள்.

3

மன்னார்த் தீவின் ரயில்பாதைக்குச் சத்துரு மணல். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் கடற்கரை மணல் முழுவதும் குறுக்கே நடந்து வந்து தண்டவாளத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதைத் தடுக்கப் பாதையோரம் பனையோலைத் தட்டிகளை நட்டு வேலிபோல் நிறுத்துவார்கள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதற்கு, என் காலத்துக்கு முன்பே யாரோ வரைந்த ஒரு படம் உண்டு. தண்டவாளத்திலிருந்து பத்தடி தள்ளி, பாதைக்கு நேர் இணையாக, வரிசையாக. தட்டியை வைப்பார்கள், மணல் விழும், கூலியாட்கள் அள்ளுவார்கள். யாரும் ஆச்சரியப்பட்டதில்லை.

எந்த மைலில் எவ்வளவு மணல் விழுந்தது, அள்ள எத்தனை ஆள் பிடித்தது என்று வாராவாரம் வரும் தாள்களைப் பதிவது என் வேலைகளில் ஒன்று. தோட்டவெளிப் பக்கத்து மைலிலிருந்து வருஷக்கணக்காக ஒரே பதில்தான் வரும்: 'மணல் இல்லை.' அப்படி வரத் தொடங்கிய வருஷமே நான் கவனித்தேன். நூறு எண்ணினேன். பேசாமல் பதிந்தேன்.

இந்தச் சோழகத்தில் புதிதாக ஒரு ஓவசியர் வந்தார். பாதையையும் கூலியாட்களையும் மேற்பார்க்கிறவர். சட்டப்படி நடப்பவர், கையில் எப்போதும் அந்தப் பழைய படம் இருக்கும். அவர் கண்ணிலும் தோட்டவெளித் தாள் பட்டது. மணல் விழுந்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். விழாமல் இருந்ததால் அவருக்குச் சந்தேகம் வந்து, என்னிடம் ஒரு தாளை நீட்டினார். மேலே கொட்டை எழுத்தில், 'மணல் இல்லாமைக்குக் காரணம் கூறுக' என்று இருந்தது.

அரசாங்கக் காகிதத்தில் இவ்வளவு நல்ல கேள்வியை நான் அதுவரை பார்த்ததில்லை. பதினைந்து வருஷத்தில் முதல்முறையாகப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தண்டவாளத்தில் தள்ளிச் செல்லும் ட்ராலியில் ஏறித் தோட்டவெளிக்குப் போனேன்.

4

அங்கே தட்டிகள் படத்தில் உள்ள இடத்தில் இல்லை. வெகு தூரம் தள்ளி, கடல் பக்கமாக, ஒன்று நேராக, ஒன்று சாய்வாக, இரண்டு பனைகளுக்கு நடுவில் ஒன்றுமே இல்லாமல், குடித்தவன் நட்டதுபோல் நின்றன. தண்டவாளமோ துடைத்துவிட்டதுபோல் பளிச்சென்று கிடந்தது. தட்டிகளின் பின்னால் மணல் குவிந்திருந்தது. குவியல் முடிந்த இடத்துக்கு அப்பால்தான் பாதை ஆரம்பித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் அந்த இடத்தை நான் ஏற்கெனவே அறிவேன். பல வருஷத்துத் தாள்களையும் வைத்து, பென்சில் சீவிய நேரங்களில், தட்டியைத் தாண்டிய மணல் எவ்வளவு தூரத்துக்குள் விழும் என்று நான் ரகசியமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தட்டி நாலடி உயரம். அதைப்போல் பன்னிரண்டு மடங்கு, நாற்பத்தெட்டு அடி. பத்தடியில் வைத்தால் மணலைத் தண்டவாளத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதற்குச் சமம்.

"யார் இதை இங்க வைக்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சந்தியாகு என்ற நெட்டையான மனிதர் மெதுவாக, "செபமாலை அக்காதான் ஐயா. தட்டி பின்னுறவ" என்றார்.

 தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காய்ந்த காவோலையை மடியில் போட்டுப் பின்னிக்கொண்டிருந்த நாற்பது வயதுப் பெண் ஒருவர் நிமிர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பன்னிரண்டு வருஷமாக அந்த மைலுக்குத் தட்டி பின்னுகிறவர். பயந்துபோயிருந்தார், ஆனாலும் குரல் அசையவில்லை.

"பிழையெண்டால் என்னைச் சொல்லுங்கோ, கிளாக்கர் ஐயா. அவங்கள் நான் சொன்ன இடத்திலதான் வைச்சவங்கள்."

"எத்தனை அடி தள்ளி வைக்கிறீங்க?"

"அடி தெரியாது. என்ர காலால இருபத்தைஞ்சு எட்டு."

அவர் நடந்து காட்டினார். ஒரு எட்டு இரண்டடி. ஐம்பது அடி. என் வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது.

"ஏன் இருபது இல்லை?"

"தட்டியைத் தாண்டின மணல் உடன இருக்காது ஐயா. கொஞ்சத் தூரம் நடந்து களைச்சுத்தான்..."

"...கீழே உட்காரும். அப்படின்னா தட்டி உயரமானா..."

"...இன்னும் தள்ளிப்போக வேணும். ஓம். ஆனா அடிப்பக்கம் நெருக்கமாப் பின்னினா..."

"...காத்து மேலால ஏறிடும், மணல் முன்னாலயே விழும்!"

"அதைத்தானே நான் ரெண்டு வருசமாச் சொல்லுறன்! மேல ஐதா, கீழ நெருக்கமா. ஒருத்தரும் கேக்கிறாங்கள் இல்லை!"

அதற்குமேல் எங்களைப் பிடிக்க முடியவில்லை. அவர் ஒரு குச்சியால் மணலில் கோடு இழுக்க, நான் அதை அழித்து வேறு கோடு இழுக்க, அவர் என் கையைத் தட்டிவிட்டு மறுபடி இழுக்க, பனங்கூடலில், அதாவது பனந்தோப்பில், காற்று எப்படித் திரும்பும், வாடையில் என்ன ஆகும், சோழகத்தில் என்ன ஆகும் என்று ஒருவர் வாயிலிருந்து மற்றவர் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு பேசினோம். எனக்கு வயது நாற்பத்திரண்டு. பாதி சொல்லும்போதே மீதியைப் புரிந்துகொள்ளும் ஒரு ஆளை வேலைத்தலத்தில் சந்தித்தது அதுதான் முதல் தடவை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மணல் விழுந்துவிட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

செபமாலை என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்களும் எங்கட சாதிதான் போல. நான் எனக்குத்தான் விசர் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்." பைத்தியத்தை இங்கே விசர் என்பார்கள்.

5

இரண்டு நாள் கழித்து என் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. எனக்குக் கையெழுத்து அழகு என்பதால் முக்கியமான கடிதங்களை நல்ல பிரதி எடுக்க என்னிடம் கொடுப்பது வழக்கம். ஓவசியர் தானும் தோட்டவெளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். தோட்டவெளி மைலில் தட்டிகள் படத்துக்கு மாறாக நிறுத்தப்பட்டிருப்பதால், தட்டி பின்னும் செபமாலை என்பவளை உடனே நிறுத்த வேண்டும், அவள் சொல் கேட்ட ஆட்களையும் மாற்ற வேண்டும். நான் பிரதி எடுக்க வேண்டியது, எஞ்சினீயர் துரை கையெழுத்திட வேண்டியது, அவ்வளவுதான் மிச்சம்.

பேனாவைத் தோய்த்தேன். எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஊரில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட ஆறு மாதமும் நினைவுக்கு வந்தது. நாலு, ஐந்து. இந்த வேலையும் போனால் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவேன் என்பதும் நினைவுக்கு வந்தது. ஆறு. அந்தப் பெண் குச்சியால் மணலில் கோடு இழுத்ததும் நினைவுக்கு வந்தது. ஏழில் எழுந்துவிட்டேன்.

துரையின் அறைக்குள் போய், அந்தப் படமே பிழை என்று சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி சரியாகச் செய்கிறாள், நாம்தான் மற்ற மைல்களில் நாமே மணலை வரவழைத்து நாமே அள்ளுகிறோம் என்றும் சொன்னேன். என் இங்கிலீஷ் அவசரத்தில் தடுமாறும். துரை புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"பதினைந்து வருஷமாக நீ இந்த அறையில் பேசியதே இல்லை" என்றார்.

"ஆமாம் துரை."

தோட்டவெளிக்குப் பக்கத்தில் கால் மைல் படத்தின்படி, கால் மைல் அவள் சொல்லின்படி தட்டி நிறுத்துங்கள், திங்கட்கிழமை காலை நான் வந்து பார்க்கிறேன் என்றார். பிழையானால் தட்டிக்காரி மட்டுமல்ல, நீயும் போக வேண்டியதுதான் என்பதையும் மரியாதையாகவே சொன்னார்.

வீட்டில் கோமதியிடம் சொன்னேன். என் மனைவி கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?"

"ஆரம்பிச்சாச்சு."

"அந்த மண்டபம் கேம்புல மறுபடியும் எல்லாத் துணியையும் அவிக்கணுமா?"

"நான் சொன்னது சரி, கோமதி."

"நீங்க என்னைக்குத் தப்பாச் சொன்னீங்க? அதுதானே வினை" என்று சொல்லிவிட்டு, அவள் உள்ளே போய்ப் பட்டுப்புடவையை மட்டும் டிரங்குப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தினாள். ஆனால் அன்று சாப்பாட்டில் எனக்கு இரண்டு அப்பளம் கூடுதலாக விழுந்தது.

6

புத்திசாலிகள் எப்படி முட்டாள்தனம் செய்வார்கள் என்பதை இனிச் சொல்கிறேன்.

சனிக்கிழமை முழுவதும் நானும் செபமாலையும் அந்தக் கால் மைலில் நின்றோம். எந்தத் தட்டி எங்கே, எவ்வளவு சாய்வு என்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. 'மேலே ஐதாக, கீழே நெருக்கமாக' என்ற அவருடைய இரண்டு வருஷ யோசனையையும் செய்து பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். காவோலை காய்ந்தது, நெருக்கிப் பின்னினால் முறியும். பச்சை ஓலைதான் வளையும். இருவருக்கும் ஒரே நொடியில் அது தோன்றியது. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். வண்டி வண்டியாகப் பச்சை ஓலை வந்து இறங்கியது.

சந்தியாகு மூன்று முறை பக்கத்தில் வந்தார்.

"அக்கா, பச்சை ஓலையெண்டால்..."

"பொறு சந்தியாகு, கணக்கு குழம்பும்."

"ஐயா, நான் என்ன சொல்லுறன் எண்டால்..."

"கொஞ்சம் இருங்க, இந்தச் சாய்வு முடியட்டும்."

மூன்றாவது முறை அவர் வாயைத் திறக்குமுன் நாங்கள் இருவரும் ஒன்றாகக் கையை உயர்த்தினோம். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வேலை முடிந்தது. அவ்வளவு அழகான வேலி அந்தத் தீவில் அதுவரை நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லாரும் பூசைக்குப் போய்விடுவார்கள், பாதைப் பக்கம் ஒருவரும் வருவதில்லை. நானும் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அன்று முழுவதும் நல்ல சோழகம் அடித்தது. அடி அடி என்று சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை காலை துரையின் ட்ராலியில் நானும் ஓவசியரும் போனோம். தோட்டவெளி நெருங்கும்போது தூரத்தில் எங்கள் வேலி தெரிந்தது. அங்கங்கே ஓட்டை தெரிந்தது. அப்புறம், ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு கழுதை தெரிந்தது.

மன்னாரில் கழுதைக்குப் பஞ்சமில்லை என்பது குழந்தைக்கும் தெரியும். கோடையில் அவற்றுக்குப் பச்சை என்று கண்ணில் படுவது எதுவும் கிடையாது. நாங்கள் கால் மைல் நீளத்துக்குப் பந்தி விரித்து வைத்திருந்தோம். ஐந்தாறு கழுதைகள் சாவகாசமாக நின்று மென்றுகொண்டிருந்தன. செபமாலை தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். சந்தியாகு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதைத்தான் சொல்ல வந்தனான்" என்றார் மெதுவாக.

 பெட்டியும் படுக்கையும், மண்டபத்து ஆவியும், அண்ணா வீட்டு வாசலில் நான் தலைகுனிந்து நிற்பதும் வரிசையாகக் கண்முன் வந்தன.  ஓவசியர் படத்தை விரித்து வைத்துக்கொண்டார்.

துரை ட்ராலியிலிருந்து இறங்கினார். முதலில் படத்தின்படி நிறுத்திய கால் மைலுக்குப் போனார். அங்கே தட்டி எல்லாம் காவோலை. கழுதை தொடவில்லை, ஒன்றுகூடக் குறையாமல் நின்றன. தண்டவாளத்தில் மணல் கணுக்கால் உயரம். பிறகு எங்கள் பக்கம் வந்தார். நடந்தார், நின்றார், திரும்பினார், மறுபடி நடந்தார். கைத்தடியால் தட்டியைக் காட்டினார், பிறகு தண்டவாளத்தைக் காட்டினார். அப்போதுதான் நானும் பார்த்தேன்.

தட்டி மிஞ்சி நின்ற இடங்களுக்கு நேரே தண்டவாளம் சுத்தமாக இருந்தது. கழுதை தின்ற ஒவ்வொரு ஓட்டைக்கும் நேரே, அந்த ஓட்டையின் அகலத்துக்குச் சரியாக, ஒரு மணல் நாக்கு தண்டவாளத்தில் ஏறிக் கிடந்தது. தட்டி, சுத்தம். ஓட்டை, மணல். தட்டி, சுத்தம். ஓட்டை, மணல். நாங்கள் ஒரு மாதம் உட்கார்ந்து திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு தெளிவாக நிரூபித்திருக்க முடியாது. வேலி முழுசாக நின்றிருந்தால், அந்த இடத்தில் அன்று மணலே வரவில்லை என்று ஓவசியர் சொல்லியிருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை. அவர் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரி, விளங்குது" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

துரை கழுதையைத் தட்டிக்கொடுத்தார். தெரிந்த கொஞ்சத் தமிழில், "இது நல்ல எஞ்சினீயர்" என்றார்.

முதலில் சந்தியாகுதான் சிரித்தார். பிறகு செபமாலை. பிறகு நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ட்ராலியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு அடங்கியதும் செபமாலை எழுந்து போய்ச் சந்தியாகுவின் முன்னால் நின்றார்.

"இனி நீ வாய் திறந்தால் நாங்கள் ரெண்டு பேரும் மூடுறம்" என்றார்.

அன்று மத்தியானம் கந்தோருக்குத் திரும்பியதும், லாச்சியிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். 'மணல் இல்லாமைக்குக் காரணம் கூறுக' என்பதற்குக் கீழே, அழகான கையெழுத்தில், 'செபமாலை' என்று ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பினேன். இதுவரை அது திரும்பி வரவில்லை.

7

தீவின் பாதை முழுவதற்கும் புதிய படம் வரையச் சொல்லி உத்தரவானது. பத்து நாள் வரைந்தேன். என் வாழ்க்கையில் எந்தப் படத்தையும் அவ்வளவு ஆசையாக வரைந்ததில்லை. முடிந்ததும் மை காய்ந்த கையோடு சுருட்டி எடுத்துக்கொண்டு தோட்டவெளிக்குப் போய்ச் செபமாலை முன்னால் விரித்தேன். அவர் அதுவரை ஒரு படத்தையும் பார்த்தவரல்ல. "இந்த ரெட்டைக் கோடு தண்டவாளம். இந்தச் சின்னக் கோடெல்லாம் உங்க தட்டி. இது கடல்" என்று மட்டும் சொன்னேன்.

கையைச் சேலையில் துடைத்துவிட்டு, விரலை மெதுவாகக் கோட்டின் மேல் ஓட்டினார். பேசாலைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்துத் தோட்டவெளி வரை வந்தார். விரல் நின்றது. திரும்பிப் போனது. மறுபடி அதே இடத்தில் நின்றது. அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். இந்த மனுஷியும் எண்ணுகிறார் என்று எனக்கு உறைத்தது.

"சொல்லுங்க" என்றேன்.

"கோவிக்கக்கூடாது."

"சொல்லுங்கம்மா."

"இதில, பனங்கூடலுக்குப் பக்கத்தில ஏழாவது தட்டி மாறிச் சாஞ்சு கிடக்கு, ஐயா. இப்பிடி வைச்சால் மணலை நாங்களே கூட்டிக்கொண்டு வந்து விடுற மாதிரி."

குனிந்து பார்த்தேன். மாறித்தான் இருந்தது. அவசரத்தில் வலமாக இழுக்க வேண்டியதை இடமாக இழுத்திருக்கிறேன். முகத்தில் ரத்தம் ஏறுவது எனக்கே தெரிந்தது. சந்தியாகுவும் மற்ற ஆட்களும் சுற்றி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், பெரிய குமாஸ்தாவின் முகம் என் முகத்தில் வந்து உட்காரப் பார்த்தது. பாவம் அந்த மனுஷர், அன்று அவருக்கும் இப்படித்தான் சுட்டிருக்கும் என்று பதினைந்து வருஷம் கழித்து விளங்கியது.

பிறகு சந்தோஷம் வந்தது. என் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் இந்த உலகத்தில் இருக்கிறார்! இனி நான் தனியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நான் பைக்குள் கைவிட்டு அழிறப்பரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே அழியுங்க" என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஏழாவது தட்டியை மிகக் கவனமாக அழித்தார். மை போகவில்லை, தாள் கொஞ்சம் கிழிந்தது; சரியான சாய்வை நான் பக்கத்தில் இழுத்துவிட்டேன். அந்தக் கிழிசலோடுதான் படம் கொழும்புக்குப் போயிருக்கிறது.

ஆகவே அண்ணா, நான் வரவில்லை. கோபம் ஒன்றும் மிச்சமில்லை. பெரிய குமாஸ்தாவை வழியில் பார்த்தால் என் நமஸ்காரத்தைச் சொல்லவும். காலியாக இருக்கும் அந்த இடத்துக்கு வாய் துடுக்கான பையன் யாராவது வந்தால் அவனோடு உட்கார்ந்து ஒருநாள் சாப்பிடவும்.

படத்தை அனுப்பிவிட்டு அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இலட்சுமியைக் கூப்பிட்டேன். அவள் பள்ளிக்கூடப் புத்தகத்தோடு வந்து கதிரையில் உட்கார்ந்தாள். ஒரு வருஷமாகக் குழந்தை வாயைக் கட்டிப்போட்டுவிட்டேனே என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ணம்மா, பள்ளிக்கூடத்துல கை தூக்குமுன்னால பத்து எண்ணச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா? நாளையிலிருந்து எண்ண வேண்டாம்."

அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அதை நான் அடுத்த நாளே விட்டிட்டன் அப்பா" என்றாள்.